நாமினின்னா யாரு?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வீட்டு விஷயம்ங்கறதால கொஞ்சம் தயக்கம். ஆனா ஊரைவிட்டு வெளியில இருக்கிற நம்ம எல்லார் வீட்டுக்கும் இது ஒரு நாள் வரும். அதனால சொல்லிடறேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். பி.காம். முடிச்சு, பேங்க்ல சேர்ந்து, ஊர் ஊரா மாத்தலாகி, இப்ப ஆறு வருஷமா திருவனந்தபுரம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அண்ணன் மாரடைப்புல தவறிட்டார். உயில் எதுவும் கிடையாது. நாப்பத்தொம்பது வயசுல யார் உயில் எழுதறாங்க?

காரியமெல்லாம் முடிஞ்சு பீரோவை ஒதுங்க வைக்கும்போது ஒரு டெபாசிட் ரசீது கிடைச்சுது. வட்டியோட ஆறு லட்சத்து முப்பதாயிரம். நாமினி பேரைப் பார்த்தா... நான்! கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட டெபாசிட். புதுப்பிச்சுக்கிட்டே வந்தவர் நாமினியை மட்டும் மாத்தல.

"உன் பேரைத்தானப்பா போட்டிருக்கான். நீயே வாங்கி வச்சுக்க. நாளைக்கு அம்மாவைப் பார்க்கப் போறதும் நீதானே"ன்னார் மாமா. அம்மா ஒண்ணும் சொல்லல. அண்ணி சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் மக அப்ப எட்டாவது படிச்சுக்கிட்டிருந்தா.

திரும்பி வர்ற ராத்திரி பஸ்ல, இதைக் கட்டினா என் வீட்டுக் கடன்ல எத்தனை தவணை குறையும்னு ஒரு தடவை கணக்குப் போட்டேன். போடலைன்னு சொன்னா பொய்.

கவுண்டர்ல உட்கார்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், "நாமினி யாரோ அவங்களுக்குத்தான் பணம்"னு! ஆனா நமக்குன்னு வரும்போது உறுத்துது. பேங்க்ல சட்டம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டா, "என்ன சார், சொந்தக் கேஸா?"ன்னு சிரிப்பாங்க. வக்கீல்கிட்ட போனா வீட்டுப் பேச்சு கேஸா மாறிடுமோன்னு பயம். அப்பதான் லைப்ரரி ஞாபகம் வந்துச்சு.

பாளையத்துல இருக்கிற ஸ்டேட் சென்ட்ரல் லைப்ரரி. தினம் பஸ்ல போறப்ப பார்க்கிற சிவப்புக் கட்டடம்தான். 1829-ல, சுவாதித் திருநாள் காலத்துல ஆரம்பிச்சது. இந்தியாவோட பழைய பொது நூலகங்கள்ல ஒண்ணு. கேரளம் உருவான பிறகு 1958-ல மாநில மத்திய நூலகமாச்சு. அதுவரைக்கும் பசங்களுக்குக் கதைப் புத்தகம் எடுக்கத்தான் உள்ள போயிருக்கேன்.

ஒரு நாலாம் சனிக்கிழமை, எங்களுக்கு லீவு, போனேன். பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பசங்க மேஜையை நிறைச்சிருந்தாங்க. ரெஃபரன்ஸ் பகுதியில இருந்த அம்மாகிட்ட என் தமிழ் மலையாளத்துல சட்டப் புத்தகம் வேணும்னேன். "ஏது ஆக்ட்டா, சாரே?" என்ன பிரச்சினைன்னு கேட்கல, எந்தச் சட்டம்னு மட்டும்தான் கேட்டாங்க. அந்த ஒரு கேள்வியில பாதி பாரம் இறங்கிடுச்சு.

ரெண்டு புத்தகம் எடுத்தேன். ஒண்ணு 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டம். அதுல 45இசட்ஏ பிரிவு. டெபாசிட் போட்டவர் இறந்துட்டா நாமினிகிட்ட பணத்தைக் கொடுத்துடலாம், அதோட பேங்க் பொறுப்பு தீர்ந்துடும். இது எனக்கு மனப்பாடம். கீழேயே இன்னொரு வரி இருந்துச்சு: பணத்தை வாங்கினவர்மேல வேற யாருக்காவது உரிமை இருந்தா, அதை இது பாதிக்காது. இருபது வருஷமா நான் முதல் பாதியை மட்டும் படிச்சிருக்கேன்!

அடுத்தது 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு ஒரு உரைநூல். ஆம்பளை உயில் எழுதாம இறந்தா, முதல் வகுப்பு வாரிசுங்க யாரு? மகன், மகள், மனைவி, அம்மா. அண்ணன் கேஸ்ல அண்ணி, மக, எங்க அம்மா, மூணு பேருக்கும் சம பங்கு. தம்பி ரெண்டாம் வகுப்பு. முதல் வகுப்புல ஒருத்தர் இருந்தாக்கூட தம்பிக்கு ஒண்ணுமில்ல. என்னோட பங்கு பூஜ்யம்.

அந்த நூல்ல ஒரு தீர்ப்பைக் காட்டியிருந்தாங்க: ஏ.ஐ.ஆர். 1984 எஸ்.சி. 346. மிரள வேண்டாம். ஆல் இண்டியா ரிப்போர்ட்டர்ங்கற தொகுப்பு, 1984-ம் வருஷம், சுப்ரீம் கோர்ட் பகுதி, 346-ம் பக்கம். அவ்வளவுதான். சர்பதி தேவிங்கற அம்மாவோட கேஸ். மகன் இறந்துட்டார், இன்ஷூரன்ஸ்ல நாமினி மருமக. எனக்கும் பங்கு உண்டுன்னு அந்த அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. நாமினிங்கறவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் கை மட்டும்தான், பணம் வாரிசுகளோடதுன்னு 1983 டிசம்பர்ல தீர்ப்பு. பேங்க் டெபாசிட்டுக்கும் இதேதான்னு 2010-ல ராம் சந்தர் தல்வார் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இங்க ஒரு எச்சரிக்கை. லைப்ரரி புத்தகம்னா முதல்ல அச்சான வருஷத்தைப் பாருங்க. நான் படிச்ச உரைநூல் பழசு. இன்ஷூரன்ஸ் சட்டத்தை 2015-ல திருத்திட்டாங்க. இப்ப பெத்தவங்க, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியா இருந்தா, பாலிசி பணம் அவங்களுக்கே சொந்தமாகிடும். பேங்க் டெபாசிட்டுக்கு அப்படி இல்ல. வீட்டுக்கு வந்து 'இண்டியா கோட்' தளத்துல திருத்தத்தோட சேர்த்துப் படிச்சப்பதான் இது தெரிஞ்சுது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளும் 2023-லேருந்து 'இ-எஸ்.சி.ஆர்.'னு இலவசமா கிடைக்குது, சிலது தமிழ்லயும்.

படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. அண்ணன் பணத்தால இல்ல. சாலைக் கடைத்தெருவுல வியாபாரம் பண்ணின ஒருத்தரோட அம்மா ஞாபகம் வந்துட்டாங்க. நம்ம ஊர்க்காரங்க, தமிழ் மட்டும்தான் தெரியும். மகன் செத்துப்போய் கவுண்டருக்கு வந்து, "எனக்கு ஏதும் உண்டாப்பா?"ன்னு கேட்டாங்க. "நாமினி மருமகம்மா. பணம் அவங்களுக்குத்தான்"னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. நான் பணம் கொடுத்ததுல தப்பில்ல, சொன்னது பாதிதான். அப்புறம் விசாரிச்சேன். கடையை மூடிட்டு ஊருக்குப் போயிட்டாங்களாம்.

அடுத்த மாசம் நாமினியா கையெழுத்துப் போட்டு அண்ணன் பணத்தை வாங்கினேன். மூணு பங்கு, ஆளுக்கு ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். மக பங்கை அவ பேர்லயே, அண்ணியைக் கார்டியனாப் போட்டு டெபாசிட் பண்ணினோம். அம்மா தன் பங்கைப் பேத்திக்கு விட்டுக்கொடுத்துடுவாங்கன்னு எல்லாரும் நினைச்சோம். "என் பங்கு என்கிட்டயே இருக்கட்டும்டா. மருந்து மாத்திரைக்கு ஒவ்வொரு தடவையும் உங்க முகத்தைப் பார்க்க வேணாம் பாரு"ன்னாங்க. மாமா முகம் போன போக்கு இருக்கே :-) எனக்குச் சாலைக்கார அம்மாவோட தலையாட்டல்தான் கண்ணுல நின்னுச்சு.

இப்பல்லாம் கவுண்டர்ல முழுசாச் சொல்லிடறேன். "பணத்தை நாமினிகிட்ட கொடுப்போம். உங்களுக்கும் பங்கு இருக்கலாம், விசாரிங்க." வக்கீல் வைக்க வசதியில்லாதவங்களுக்கு வஞ்சியூர் கோர்ட் வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தைக் காட்டறேன். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டம். இந்தியாவுல எங்கேருந்தும் 15100-க்குப் போன் பண்ணலாம்.

2025 நவம்பர் 1-லேருந்து டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம்னு வந்திருக்கு. நல்லதுதான். ஆனா நாலு பேர் போட்டாலும் அவங்க வாங்கிக்கொள்ளும் கைதான். இந்த வாரம் உங்க ரசீதுகளை எடுத்து, யார் பேர் இருக்குன்னு பாருங்க. முடிஞ்சா ஒரு உயிலும் எழுதிடுங்க.

நான் எழுதிட்டேன்.