மடியில் கனமில்லாமல் ஐரோப்பா

பேரக் குழந்தையைப் பார்ப்பதற்கென்று ஜெர்மனிக்கோ ஹாலந்துக்கோ போன பெற்றோர், "வந்ததே வந்தோம், நாலு நாள் எங்கேயாவது போய் வரலாமே?" என்று ஆரம்பிப்பது நம் மத்தியதரக் குடும்பங்களில் இப்போது சகஜமாகிவிட்டது. எந்த ஊர் என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமல் "பாரிஸ்" என்பார்கள். பாரிஸ் பார்க்க வேண்டிய நகரந்தான். அதைப் பற்றி எனக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. ஆனால் அளவான பணத்துடன் அங்கே போகிறவர் ஈபெல் கோபுரத்தை ஒரு தடவை பார்த்தால், தம் பணப்பையைப் பத்துத் தடவை பார்க்கிறார். காப்பிக் கடை வாசலில் நின்று விலைப் பட்டியலைப் படிக்கிறார். மனத்திற்குள் ரூபாயாகப் பெருக்குகிறார். பிறகு தாகமே இல்லாதவர்போல் நடக்கிறார். சம்சாரத்துக்கோ கால் வலி. உட்காருவதற்குக் கூடக் காசு கேட்பார்களோ என்ற பயம்! இப்படிக் கழியும் நாலு நாளை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சாரார் விமானச் சீட்டின் மலிவைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இது முன்னதைவிட அபாயம். "பிராங்க்பர்ட்" என்று பெயர் சூட்டப்பட்ட ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பாரிஸுக்கென்று சொல்லப்படும் போவே நிலையமும் அந்நகரத்துக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. சீட்டில் மிச்சம் பிடித்ததைப் பஸ்காரரிடம் கொடுக்க வேண்டியதுதான். பெட்டி தூக்கிக்கொண்டு போனால் அதற்குத் தனிக் கட்டணம்.

ஆகவே, வழிச் செலவைக் காட்டிலும், போய் இறங்கிய பிறகு ஒரு நாள் வாழ்வதற்கு என்ன ஆகும் என்பதையே முதலில் விசாரிக்க வேண்டும். அப்படி விசாரித்தால், வியன்னாவுக்கு அப்பால் கிழக்கே கிடக்கும் இரண்டு நகரங்கள் முன்னே வந்து நிற்கின்றன. ஒன்று போலந்து தேசத்துக் கிராக்கோ. மற்றொன்று ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட். ஷெங்கன் அனுமதிச் சீட்டு ஒன்றே இரண்டுக்கும் போதும். இரண்டிலும் யூரோ நாணயம் கிடையாது. முன்னதில் ஸ்லாட்டி, பின்னதில் போரிண்ட்.

கிராக்கோ நகரின் நடுவில் 1257-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சந்தைச் சதுக்கம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். அதன் நடுவே பழைய ஜவுளி மண்டபம். ஒரு மூலையில் மேரி மாதா ஆலயம். அந்த ஆலயத்தின் உயர்ந்த கோபுரத்திலிருந்து மணிக்கு ஒரு தரம், இரவு பகல் என்றில்லாமல், ஒருவர் எக்காளம் ஊதுகிறார். நான்கு திசைக்கும் நான்கு முறை. ராகம் பாதியில் சட்டென்று அறுந்து போகும். 1241-ல் தாத்தாரியர் படையெடுத்து வந்தபோது, எச்சரிக்கை ஊதிய காவலன் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்களாம். சரித்திர ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்; காது கொடுத்துக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை!

கட்டணமில்லாத இன்பங்கள் இந்நகரில் இன்னும் உண்டு. பழைய கோட்டை மதிலை இடித்த இடத்தில், ஊரைச் சுற்றிலும் மரங்களடர்ந்த பூங்கா வளர்த்திருக்கிறார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 4 கிலோமீட்டர். வழி நெடுக உட்காருவதற்குப் பலகைகள். 1364-ல் ஸ்தாபிக்கப்பட்ட சர்வகலாசாலை இங்கே இருக்கிறது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று நிலைநாட்டிய கோப்பர்னிக்கஸ் 1491-ல் மாணவராகச் சேர்ந்தது இதில்தான்.

அன்னியர் மூவர் பங்கு போட்டுக்கொண்டபடியால், 1795 முதல் 1918 வரையில் 123 வருஷ காலம் போலந்து என்ற சுதந்திர ராஜ்யமே உலகில் இல்லை. பங்கு போடுதல் முற்றுப் பெறுவதற்கு முந்திய வருஷம், 1794 மார்ச் 24-ந் தேதி, தளபதி கொஸ்சியுஸ்கோ இந்தச் சந்தைச் சதுக்கத்தில் நின்றுதான் விடுதலைப் போருக்குச் சபதம் செய்தார். போர் தோற்றது. அவர் 1817-ல் ஸ்விட்ஜர்லாந்தில் காலமானார். ஜனங்கள் மண் சுமந்து கொண்டு வந்து கொட்டி, 1820 முதல் 1823 வரையில் அவருக்காக ஒரு குன்றையே எழுப்பினார்கள். அது இன்னும் ஊரின் மேற்கே நிற்கிறது. அடிமை தேசத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்கு அந்தக் குன்றைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டுக்கு 'பால் கடை' என்று அர்த்தப்படும் பெயருள்ள எளிய போஜன சாலைகள் இருக்கின்றன. பொதுவுடைமை ஆட்சிக் காலத்தில் தொழிலாளருக்காகப் பெருகியவை. பலவற்றிற்கு இன்னும் சர்க்கார் உதவி உண்டு. உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் வைத்து வேகவைத்த 'பியெரோகி' நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மரக்கறி உண்போர் ஒன்று கவனிக்க வேண்டும்: அதன் தலையில் பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவிவிடுவது வழக்கம். "வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கடைகளில் பக்கத்து மேஜையில் உட்காருகிறவர் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? ஓய்வுச் சம்பளம் வாங்கும் கிழவர், கலாசாலை மாணவன். நமக்கு மலிவாகத் தோன்றும் ஊர் அவர்களுக்கு மலிவல்ல. 1989-க்குப் பிறகு சந்தை திறந்தது. விலை வேகமாக ஏறியது. சம்பளமோ மேற்கு ஐரோப்பாவை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை. நாம் அனுபவிக்கும் சிக்கனத்தில் அவர்களுடைய குறைந்த சம்பளத்துக்கும் பங்கு உண்டு. சாப்பிட்டு முடித்ததும் இடத்தைக் காலி செய்து கொடுப்பதும், பரிமாறுகிறவரிடம் தாராளமாக இருப்பதும் நியாயம்.

அருகிலுள்ள வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் 101 மீட்டர் ஆழத்தில் உப்பையே குடைந்து ஒரு கோயில் செய்திருக்கிறார்கள். அதிசயமானதுதான். ஆனால் சுமார் 800 படிகள். முழங்கால் வலிக்காரர்கள் புடாபெஸ்டுக்குப் போவது உத்தமம்.

அங்கே டான்யூப் நதியின் இரு கரையிலும் இருந்த ஊர்கள் 1873-ல் ஒன்றாக இணைந்தன. பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊற்றெடுக்கும் ஊர் அது. 1913-ல் திறந்த ஸெச்செனி ஸ்நான கட்டடத்தில், பனிக்காலத்திலும் கழுத்தளவு வெந்நீரில் நின்று சதுரங்கம் ஆடுகிறார்கள். அதற்குக் கட்டணம் மட்டும், ஊரின் மற்றச் செலவுகளை நினைத்தால், கொஞ்சம் கூடுதலே. அதை ஈடு செய்ய 2-ஆம் நம்பர் டிராம் வண்டியில் ஏறி உட்காருங்கள். ஒரு சாதாரணச் சீட்டுக்கு நதி, பாலங்கள், பார்லிமெண்டு மாளிகை எல்லாம் ஜன்னலுக்கு வெளியே வரிசையாக வந்து போகும். பார்லிமெண்டுக்கு அருகே நதிக் கரையில் 60 ஜோடி இரும்புச் செருப்புகள் இருக்கின்றன. யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில், யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லிச் சுட்டு நதியில் தள்ளினார்கள். 2005-ல் வைத்த ஞாபகச் சின்னம் அது. குழந்தைகளைக் கூட்டிப் போனால் கேள்வி கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் எடுக்கும் யந்திரம் ஒன்று, "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிடட்டுமா?" என்று வெகு மரியாதையாகக் கேட்கும். "வேண்டாம்" என்று அழுத்துங்கள். அந்த மரியாதைக்கு விலை அதிகம். பிராகா? அழகுதான், ஆனால் கூட்டமும் விலையும் ஏறிவிட்டன. போர்ட்டோவும் அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. ஸோபியா இன்னும் மிச்சமிருக்கிறது. மலை ஏறப் பிரியமுள்ளவர்களுக்கு ஏற்றது.

புடாபெஸ்டில் நாலாவது நாள் கையில் மிஞ்சினால், ரயிலேறிப் பாலடன் ஏரிக்கரையிலுள்ள பாலடன்பியூரெத் என்ற சிற்றூருக்குப் போகலாம். 1926-ல் ரவீந்திரநாத் தாகூர் இருதய சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்தார்; குணமான பிறகு ஒரு லிண்டன் மரம் நட்டார். ஏரிக்கரை நடைபாதைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மரத்தருகே அவருடைய மார்பளவுச் சிலையும் இருக்கிறது. பிற்காலத்தில் அவ்வழி வந்த இந்தியத் தலைவர்கள் பலரும் ஆளுக்கொரு மரம் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.