காகிதத்தில் விட்ட இடம்

ஊர் பார்க்கப் போகும்போது வரைபவர்களுக்குத் துணை ஆகாது என்று எங்கள் தொழிலில் பலர் சொல்வார்கள். ஒரே இடத்தில் அரை நாள் நிற்கத் தெரிந்தவர்களுக்கு, "அடுத்து எங்கே?" என்று கேட்கும் ஆள் பாரம் என்பது அவர்கள் கட்சி. நான் அந்தக் கட்சி இல்லை. தோழியோடு பாங்காக்கில் சுற்றிய அந்தச் சில நாட்கள் என் கைக்குக் கற்றுத்தந்ததை, தனியாகப் போன எந்த ஊரும் கற்றுத்தரவில்லை.

அவள் வரைவதில்லை, வங்கியில் வேலை. எனக்காகக் காத்திருப்பாள், ஆனால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. "எவ்வளவு நேரம் ஆகும்டி?" என்று முதலிலேயே கேட்டுவிடுவாள். அதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமென்றால், பேனாவின் மூடியைத் திறக்கும் முன்பே எதை வரையப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்று முடிவாகியிருக்க வேண்டும்.

வாட் அருண் கோயில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. மாலையில் கூட்டம் எதிர்க்கரையில் கூடி, கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கும். கண்ணுக்கு அது விருந்து. வரைபவருக்கோ அப்போது கிடைப்பது வெறும் கறுப்பு உருவம். காலையில் போக வேண்டும். கிழக்கு வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழும்போதுதான், அதன் மேனி முழுக்கப் பீங்கான் துண்டுகள் என்பது தெரியவரும். துண்டு துண்டான பீங்கானையும் சிப்பியையும் இதழ் இதழாகச் சேர்த்துப் பூவாகப் பதித்திருக்கிறார்கள். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில் (1824–1851) நிறைவேறிய வேலை.

அத்தனை பூவையும் வரைந்தால் படம் செத்துவிடும். அடுக்குகளின் விளிம்புக்குக் கீழே விழும் நிழலை முதலில் போட்டேன். வெயிலும் நிழலும் சந்திக்கும் ஒரு மூலையில் மட்டும் பூக்களை நெருக்கமாக வரைந்தேன். மீதி எல்லாம் வெள்ளைக் காகிதம். அந்த மூலையைப் பார்த்துவிட்ட கண், மற்ற இடங்களிலும் பூ இருப்பதாகத் தானே எண்ணிக்கொள்ளும். வண்ணம் ஒரே ஒரு பூச்சுதான். ஆற்றங்கரை ஈரத்தில் வாட்டர் கலர் எளிதில் காயாது. காயாததன் மேல் இன்னொன்று போட்டால் சேறாகிவிடும். அதற்குள் அவள் படகில் அக்கரை போய்த் திரும்பியிருந்தாள்.

வாட் போ கோயிலில் சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபத்தில் வரிசையாகத் தூண்கள் நிற்பதால், எங்கே நின்றாலும் உருவம் துண்டு துண்டாகத்தான் தெரியும். இரண்டு தூணுக்கு நடுவே முகம், அடுத்த இடைவெளியில் தோள், கடைசியில் முத்துச்சிப்பி பதித்த பாதங்கள். அவள் புத்தரின் முதுகுப் பக்கம் சுவரோரமாக இருந்த 108 வெண்கலக் கிண்ணங்களில் ஒவ்வொரு காசாகப் போட்டுக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொண்டு எனக்கு இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று தெரிந்தது. தூண்களை மறைப்பு என்று ஒதுக்காமல் அவற்றையே முதலில் வரைந்தேன். தூண்கள் அழுத்தமாக நிற்க, அவற்றுக்கு இடையே மெல்லிய கோட்டில் புத்தர். அந்த நீளம் என் பக்கத்துக்குள் வந்தது அப்படித்தான்.

வாட் பிரா கேவ் கோயிலில் நான் நோட்டை மூடிவிட்டேன். சுற்றுப் பிராகாரச் சுவரில் தாய்லாந்து ராமாயணமான ராமகியன் கதை 178 காட்சிகளாக ஓடுகிறது. "அனுமார்டி!" என்று அவள்தான் முன்னால் ஓடி ஓடிக் கதை சொன்னாள். நான் அந்த ஓவியர்களின் தீர்மானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரண்மனைகள் சற்று மேலேயிருந்து பார்த்தது போல இருக்கும். உள்ளே இருப்பவர்கள் தெரிவதற்காகச் சுவரே இருக்காது. படைகளின் நெரிசலுக்குள்ளும் கண் யாரைத் தேட வேண்டுமோ அவர்மேல் தங்கரேக்கு. பலமுறை புதுப்பித்த சுவர் அது. சில காட்சிகளில் பிற்காலக் கைகள் தூரத்து மலைகளை மங்கலாக்கி ஆழம் காட்டியிருக்கின்றன. எனக்குப் பழைய முறைதான் நெருக்கம். யார் முக்கியம் என்று அதில் தயங்காமல் சொல்லிவிடுகிறார்கள்.

சிலோம் சாலை மாரியம்மன் கோயில், 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. வழிபட வருபவர்களில் தாய்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். அந்தக் கோபுரம் என் கைக்குப் பழக்கமானது. பார்க்காமலே கை அதை அடுக்கடுக்காக எழுப்பிவிடும். அதனாலேயே அதற்கு இரண்டே கோடு கொடுத்தேன். பக்கத்தின் மீதி முழுவதையும் எதிரே இருந்த பூக்கடைக்கும், செண்டுமல்லி மாலையைக் கையில் ஏந்தி, கண்மூடி நின்ற ஒரு தாய்லாந்துப் பெண்ணுக்கும் கொடுத்தேன். பின்னர் அந்தப் படத்தை வெளியிடக் கேட்ட ஒருவர், புகைப்படத்தைப் பார்த்துக் கோபுரத்தை முடித்துத் தரச் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.