கறி சுட்டால் ஜெயிலா?

அமெரிக்காக்காரனிடமிருந்து எதை வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்ளலாம். கொல்லைப்புறத்து பார்பெக்யூ அடுப்பை மட்டும் தொடக் கூடாது. தொட வேண்டாம், தொடப்போவதாக வதந்தி கிளம்பினாலே போதும், என்ன ஆகும் என்பதை 2015 மார்ச்சில் பார்த்தோம்.

விஷயம் ரொம்பச் சின்னது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்ஸி, கல்லூரி மாணவர்களுக்காக ஒரு போட்டி நடத்தி மானியம் கொடுத்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்துப் பிள்ளைகள், வீட்டில் கறி சுடும்போது கிளம்பும் நுண்துகள் புகையைக் குறைக்க ஒரு ஐடியா கொடுத்தார்கள். மானியம் 15,000 டாலர். காமர்ஸ் படித்த தோஷம், உடனே ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். அன்றைய ரேட்டில் ஒன்பது லட்சத்துச் சொச்சம். அமெரிக்க அரசாங்கத்துக்கு அது டீச்செலவு.

ஐடியாவும் சிம்பிள்தான். கறியிலிருந்து உருகும் கொழுப்பு நெருப்பில் சொட்டினால் குப்பென்று புகை கிளம்பும். எனவே கறியைத் திருப்பிப் போடுவதற்கு ஒரு நொடி முன்னால் அடியில் ஒரு தட்டைச் சொருகு. திருப்பியதும் உருவிவிடு. மிச்சப் புகையை ஒரு ஃபேன் இழுத்து, உலோக வடிகட்டி வழியாக அனுப்பும். அந்த ஃபேனை மோட்டாரிலும் ஓட்டலாம், கையாலும் சுற்றலாம். இந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை கறியைப் புரட்ட, பக்கத்தில் மச்சினன் நின்றுகொண்டு கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்!

செய்தி பரவிய வேகத்தில் 'ஆராய்ச்சி' என்பது 'சட்டம்' ஆகிவிட்டது. மிசௌரி மாநில செனட்டர் எரிக் ஷ்மிட் (பின்னால் அமெரிக்க செனட்டுக்கே போனவர்) எல்லோரும் அடுப்பைப் பற்றவையுங்கள் என்று அறைகூவல் விட்டார். ட்விட்டரில் அதற்குப் பெயர் 'போர்க் ஸ்டீக் புரட்சி'. அங்கே செயின்ட் லூயிஸில் பன்றியின் தோள்பட்டைக் கறியைப் பட்டையாக வெட்டி, சுட்டு, சாஸில் முக்கித் தின்பார்கள். நம்மூரில் பிரியாணியைத் தடை செய்யப்போகிறார்கள் என்று கிளப்பிவிட்டால் எப்படியோ, அப்படி.

ஏஜென்ஸி பதறிப்போய், வீட்டு பார்பெக்யூவை நாங்கள் கட்டுப்படுத்துவதும் இல்லை, கட்டுப்படுத்தும் எண்ணமும் இல்லை என்று விளக்கம் கொடுத்தது. விளக்கத்தை யார் சார் படிக்கிறார்கள்?

என் சித்தி பையன் அதே செயின்ட் லூயிஸில்தான் இருக்கிறான். போனில் ஒரே உற்சாகம்.

"அண்ணே, இங்க ஒரே ரகளைண்ணே. ஆபீஸ்ல பூரா இதே பேச்சு. கோழிக்கு லைசென்ஸ், மாட்டுக்கு பர்மிட், பன்னிக்கு ஜாமீன்ல வரமுடியாத வாரன்ட்டுங்கறாங்க. ஞாயித்துக்கிழமை நம்ம வீட்லயும் புரட்சி!"

"நீதான் முட்டைகூட தொடமாட்டியேடா?"

"பனீரும் கத்தரிக்காயும் சுடறேன். கொள்கைன்னு வந்துட்டா மெனு பார்க்கக் கூடாதுண்ணே."

இதே மகாவீரன், வீடு வாங்குவதற்கு முன் ஆறு வருஷம் ஒரு அபார்ட்மென்ட்டில் இருந்தான். மரக் கட்டடம். பால்கனியில் கரி அடுப்பு வைக்கக் கூடாது, கட்டடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் மூட்ட வேண்டும் என்று விதி. அமெரிக்காவில் பல ஊர்களின் தீயணைப்புச் சட்டத்தில் இருக்கிற சமாச்சாரம்தான் இது. "அப்ப ஏண்டா புரட்சி பண்ணலை?" என்று கேட்டேன். "அது லீஸ் அக்ரிமென்ட்லயே இருந்துச்சேண்ணே" என்றான்.

இவனை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. 2007-இல் பெல்ஜியத்தின் வலோனியா பகுதியில், ஒரு தடவை கறி சுட்டால் 20 யூரோ வரி, திருட்டுத்தனமாகச் சுடுகிறவர்களைப் பிடிக்க வெப்பத்தை மோப்பம் பிடிக்கும் ஹெலிகாப்டர் என்று ஒரு செய்தி கிளம்பியது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் வரைக்கும் நம்பியது. கடைசியில் பார்த்தால் ஏப்ரல் ஃபூல்! ஒரு கத்தரிக்காயைப் பிடிக்க ஹெலிகாப்டர் எரிக்கும் பெட்ரோலுக்கு 20 யூரோ எந்த மூலைக்கு என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே விஷயம் உடைந்திருக்கும்.

நிஜமாகவே சட்டம் வந்த ஊரும் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலஸ். அங்கே 1957-இல் வீட்டுக் கொல்லையில் குப்பை எரிக்கும் அடுப்புகளுக்குத் தடை போட்டார்கள். 1990-இல் பார்பெக்யூ கரிக்கே விதி வந்தது. கரியைப் பற்றவைக்க ஊற்றுகிறார்களே ஒரு திரவம், அதிலிருந்து ஒரு தடவைக்குச் சுமார் ஒன்பது கிராமுக்கு மேல் ஆவி கிளம்பக் கூடாது. கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே கலவையை மாற்றின. கலிஃபோர்னியாக்காரன் ஒரு வாரம்கூடக் கறி சுடுவதை நிறுத்தவில்லை. புரட்சிக்காரர்களில் பாதிப் பேர் வீட்டு பாட்டிலே அந்த விதிப்படி செய்த சரக்காக இருந்தால்கூட ஆச்சரியமில்லை.

அரசாங்கத்தைக் கிண்டல் பண்ணக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பிழைப்பு ஏது? ஆனால் அந்த வாரம் வந்து விழுந்த நூற்றுக்கணக்கான ஜோக்குகளில், அந்தத் தட்டு வேலை செய்யுமா, செய்யாதா என்று கேட்ட ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

புரட்சி நடந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களுக்குப் பகல், நமக்கு ராத்திரி, போன் போட்டேன். சித்தி பையன் கொல்லையில் இருந்தான். எடுத்தது அவனுடைய மகன். எட்டு வயசு.

"நீ வெளியில போகலையாடா?"

"ஸ்மோக் பெரியப்பா. எனக்கு வீஸிங் வரும். ஜன்னல்ல இருந்து பாக்கறேன். அப்பா தொப்பியெல்லாம் போட்டிருக்காங்க!"

பிறகு அவன் அம்மா போனை வாங்கினாள். இன்ஹேலர் பக்கத்திலேயே இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை என்றாள். பத்திரிகையில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்கிற நம்பிக்கையில், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"மாமா, அந்தப் பசங்க ஏதோ தட்டு கண்டுபிடிச்சாங்களாமே... அது கடையில எப்ப வரும்?"