சங்கிலியின் தலை

பில்லிங் நின்றுவிட்டது என்று மாதக் கடைசியில் அழைப்பவர்கள், பெரும்பாலும் ஒரு பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். "ஸ்டோர்ஸ்ல இருக்கிற மேடம்தான் சார் லாக் பண்ணி வெச்சிருக்காங்க, ஸ்கிரீன்லயே அவங்க பேர் வருது." அந்த மேடமும் அநேகமாகக் காத்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கு முன்னால் இன்னொருவர், அவருக்கும் முன்னால் வேறொருவர். தான் யாருக்காகவும் காத்திராமல் மற்ற எல்லோரையும் நிறுத்தி வைத்திருக்கும் அந்த ஒரு செஷன் வரை போக வேண்டும். அதற்கு முன் யாரையும் திட்டக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தவறே செய்யாத டேட்டா என்ட்ரி ஊழியர்கள் இதற்காக வசவு வாங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கிலியின் தலையில் இருக்கும் செஷன் பல நேரம் 'ஸ்லீப்பிங்' நிலையில் கிடக்கும். டிரான்ஸாக்ஷனைத் திறந்திருக்கும், கமிட்டும் ஆகியிருக்காது, ரோல்பேக்கும் ஆகியிருக்காது. புதியவர்கள் அதிக சிபியூ எடுக்கும் குவெரியைத் தேடிப் போவதால் இது கண்ணில் படுவதில்லை. இரண்டு செஷன்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் டெட்லாக் என்றால் எஸ்க்யூஎல் சர்வரே பார்த்துக்கொள்ளும். வழக்கமாக 5 விநாடிக்கு ஒருமுறை சோதித்து, ரோல்பேக் செய்ய எளிதான ஒன்றைப் பலியாக்கி, 1205 என்ற பிழை எண்ணோடு வெளியே தள்ளிவிடும். வெறும் காத்திருப்புக்கு அப்படித் தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. மென்பொருள் தானாக ஒரு காலக்கெடு வைக்காவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும்.

அந்தச் செஷனை உடனே கில் செய்யச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் எழுதிய போஸ்டிங்கைக் கில் செய்தால், ரோல்பேக் ஆக அதே நேரமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். அதுவரை பூட்டுகள் விலகாது. அந்தச் செஷன் கடைசியாக ஓட்டிய கட்டளை, எந்தக் கணினி, எந்த புரோகிராம், டிரான்ஸாக்ஷன் எப்போது தொடங்கியது என்பதையெல்லாம் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கில் செய்த பிறகு தடயம் எதுவும் மிஞ்சாது.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் அப்படி எடுத்து வைத்ததுதான் கைகொடுத்தது. ஜிஎஸ்டி விதி 46-ன்படி பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். அவர்களுடைய மென்பொருளில் அந்த எண்ணை ஒரு டேபிளின் ஒரே ஒரு வரிசையிலிருந்து எடுத்தார்கள். பில் பாதியில் ரத்தானால் எண் திரும்பிவிட வேண்டும் என்பதால், டிரான்ஸாக்ஷன் முடியும்வரை அந்த வரிசை பூட்டியே இருக்கும். சில மில்லிவிநாடிதான் என்றால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி விற்றுமுதலுக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ், 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி இவர்களையும் எட்டியது. மென்பொருளைச் செய்தவர்கள், ஐஆர்என் என்ற இ-இன்வாய்ஸ் குறிப்பு எண்ணை வாங்கும் இணைய அழைப்பை அதே டிரான்ஸாக்ஷனுக்குள் வைத்துவிட்டார்கள். இணைப்பு மந்தமாகிப் பதில் வர 20 விநாடி ஆனால், அந்த 20 விநாடியும் எல்லாக் கிளைகளின் பில்லிங்கும் நிற்கும். சர்வர் ஓய்வாகத்தான் இருந்தது. அதற்கு ராம் கூட்டச் சொல்லி விலைப்பட்டியல்கூட வந்துவிட்டிருந்தது.

பில்லை முதலில் கமிட் செய்து 'ஐஆர்என் பாக்கி' என்று குறித்துக்கொண்டு, ஐஆர்என்னை வேறொரு ஜாப் வழியாகப் பின்னால் வாங்கலாம் என்றேன். அதற்குக் கணக்காளர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஜிஎஸ்டிஐஎன் தப்புன்னு திருப்பி அனுப்பிட்டா?" பில் எண் ரத்துக் குறிப்போடு கணக்கிலேயே இருக்கும், ஐஆர்என் வராமல் சரக்கு வெளியே போகாது என்று இருவரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். விதி ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை அனுமதிப்பதையும் அவர்தான் எடுத்துக் காட்டினார். கிளைக்கு ஒரு தொடர் என்று பிரித்ததும், எல்லோரும் முட்டிக்கொண்ட ஒரு வரிசை பல வரிசைகளானது. டேட்டாபேஸ் தெரிந்தவன் மட்டும் தனியாக உட்கார்ந்து இதைத் தீர்த்திருக்க முடியாது.

ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று குவெரி முழுக்க 'நோலாக்' தூவும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கமிட் ஆகாததைப் படிப்பது மட்டுமல்ல ஆபத்து. ஒரே வரிசையை இரண்டு முறை எண்ணவும், ஒன்றை எண்ணாமலே விடவும் கூடும். ஸ்டாக் கணக்கை அதை நம்பி மூட முடியுமா? எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பிலிருந்தே 'ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷாட்' இருக்கிறது. அதில் படிப்பவர், கடைசியாகக் கமிட் ஆன பதிப்பைப் பார்ப்பார். எழுதுபவருக்காகக் காத்திருக்க மாட்டார். எழுதும் இருவர் மோதுவதை அது தீர்க்காது. சோதித்துப் பார்த்த பிறகே இயக்க வேண்டும். பழைய பதிவுகளை லட்சக்கணக்கில் ஒரே கட்டளையில் அழிப்பவர்களுக்கும் ஒன்று: ஒரு கட்டளை சுமார் 5,000 பூட்டுகளைத் தாண்டினால் முழு டேபிளையும் பூட்டிவிடும் நிலை வரும். இரண்டாயிரம் இரண்டாயிரமாக அழியுங்கள்.

'பிளாக்டு பிராசஸ் ரிப்போர்ட்' என்ற பதிவு, நாமாக இயக்காதவரை அணைந்தே இருக்கும். அதன் வரம்பை 10 விநாடி என்று வைத்து, பதிவும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த இடத்திலிருந்தும் கிளம்புவேன். மறித்தவர், மறிக்கப்பட்டவர் இருவரின் கட்டளைகளும் அதில் பதிவாகும். அடுத்த அழைப்பில் ஆள் பெயரைக் கேட்காமல் அதை அனுப்பச் சொல்வேன்.