புகார் தீர்ந்தது... விசிறி சுற்றவில்லை!

போன வருஷம் சித்திரை வெயிலில் எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் நின்றுபோனது. வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை. மரக்காணம் உப்பளத்தில் விடியற்காலை தொடங்கி உப்பு வாரிவிட்டு வருகிற அம்மா, பகலில் கொஞ்சம் கண்ணயருவது அந்தக் காற்றில்தான். பில்லில் இருந்த நம்பரை டயல் செய்து கொடுத்தேன். ஒரு பெண் மரியாதையாகப் பேசிப் புகாரைப் பதிந்துகொண்டது. அம்மாவுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆள் யாரும் வரவில்லை. அடுத்த வாரம் நான் ஹாஸ்டலிலிருந்து போனபோது அம்மாவின் செல்லில் இங்கிலீஷில் ஒரு செய்தி. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி" என்று படித்துச் சொன்னேன்.

"யாருடா தீத்தது? காத்து வரலியே!"

எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பர்களே, ஐந்தாம் செமஸ்டர் புராஜெக்டில்தான் தெரிந்தது.

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளில் ஒர்க்ஃப்ளோ அமைப்பதுதான் எங்கள் குழுவின் வேலை. பெயர்தான் பெரிது. எப்போது, எந்த நிபந்தனையில், என்ன செய்ய வேண்டும்? இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கில் இந்த விதிகள் மூன்று வகை: புகார் வந்தவுடன் ஓடுவது, புகாரில் ஏதாவது மாறினால் ஓடுவது, மணிக்கொரு தரம் ஓடிப் பழைய புகார்களைப் பார்ப்பது. அவர் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது டி.வி. உடைந்து வந்ததாம். நஷ்டஈடு கேட்டு அலைந்து, கடைசியில் இணையத்தில் ஊரறிய எழுதிய பிறகுதான் பணம் வந்தது. அந்தக் கம்பெனி 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கே போனது. எங்கள் வீட்டு ஃபேன் மட்டும் என்ன பாவம் செய்தது?

எங்கள் முதல் விதியே வம்பு. மெயில் வந்தால் நன்றி சொல்லும்படி வைத்தோம். எதிர்ப்பக்கத்திலும் அதே மாதிரி ஒன்று இருந்தது. இரண்டும் மாறி மாறி நன்றி சொல்லி, மதியச் சாப்பாட்டுக்குள் பெட்டி நிறைந்துவிட்டது!

அடுத்த விதிதான் என்னை உலுக்கியது. 'சரிசெய்தாயிற்று' என்று குறித்த புகாருக்கு 48 மணி நேரம் பதில் வராவிட்டால் முடித்துவிடு. பதில் வரவில்லை என்றால் திருப்தி என்று அர்த்தமாம். அன்று ராத்திரி ஊருக்குப் போய் அம்மாவின் செல்லைத் துழாவினேன். அந்தச் செய்திக்கு முன்பே இன்னொன்று கிடந்தது: குறை நீடித்தால் இரண்டு நாளுக்குள் பதில் அனுப்பவும். எங்கம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். அந்த இரண்டு நாளும் நான் ஹாஸ்டலில் இருந்தேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் உப்பளத்தில் நீர் பாய்ச்சுகிறவர். அவருக்கும் விதி உண்டு: நீர் 25 டிகிரிக்கு வந்தால் உப்புப் பாத்திக்குத் திறந்துவிடு, 30-ஐ நெருங்கினால் கசப்பு நீரை வெளியேற்று. "டிகிரி வந்திடுச்சின்னு உடனே தொறந்துடுவியா? போய் நின்னு பாக்க மாட்டியா? மேகம் கட்டியிருந்தா?" என்றார்.

மறுநாள் குழுவில் சண்டை. "பத்து பேர் ஆயிரம் புகாரைப் பார்க்கிற இடத்தில் தானாக முடிக்கவில்லை என்றால் குவிந்துபோகும். சரியானவன் எவன்டா பதில் போடுவான்?" என்றான் நண்பன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் இப்படி மாற்றினோம்: 48 மணி நேரம் பதில் இல்லையென்றால் முடிக்காதே, ஒருவருடைய வேலைப் பட்டியலில் 'போன் செய்' என்று சேர். செய்தி தமிழிலும் போகட்டும். முடித்த புகாருக்கு மறுபடி அழைப்பு வந்தால், புதிதாகப் பதியாமல் பழையதையே திற. விதிகளின் வரிசைக்காக மட்டும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். மார்க் சுமார்தான்.

ஃபேனை நானே பிரித்துப் பார்த்தேன். கெபாசிட்டர் போயிருந்தது. மாற்றினேன், சுற்றியது. அம்மா காற்றில் உட்கார்ந்து தலையை உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு ஓடுதுன்னு சொல்லிடுடா. பாவம், எழுதிவச்சிக்கினு இருக்கும்."