மரத்தில் ஒரு தூளி

சும்மா உட்கார்ந்திருப்பது ரொம்பச் சுலபமான காரியம் என்று ஆண்பிள்ளைகள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நாள் பூராவும் வீட்டில் சும்மாத்தானே உட்கார்ந்திருக்கிறாய்?" என்று நம்மைக் கேட்கிறார்களே, அதிலிருந்தே தெரியவில்லையா? அவர்களில் யாரையாவது ஒரு மணி நேரம், கை காலை அசைக்காமல், இருமாமல், தும்மாமல், ஒரே இடத்தில் உட்காரச் சொல்லிப் பாருங்கள். பத்தாவது நிமிஷம் முதுகு அரிக்கும். இருபதாவது நிமிஷம் கால் மரத்துப்போகும். அரைமணி ஆவதற்குள் எழுந்து வந்து காபி கேட்பார்கள்!

அப்படியிருக்க, தரையில் அல்ல, மரத்தின் மேலே, இருபது அடி உயரத்தில், இருட்டோடு ஏறி மறுபடி இருட்டும் வரையில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்றால் என்ன சொல்வீர்கள்? அந்த மகானுபாவன் வேறு யாருமில்லை. என் தங்கை மகன்தான். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்தில் அவனுக்கு உத்தியோகம். அந்த ஊரில் மான்கள் பெருகிப்போய்த் தோட்டம் துரவெல்லாம் மேய்கின்றனவாம். லைஸென்ஸ் வாங்கிக்கொண்டு, அதற்கென்று ஏற்பட்ட பருவத்தில் வேட்டையாடலாம். கூட வேலை பார்ப்பவர்களோடு இவனும் வில்லும் அம்புமாகக் கிளம்பிவிட்டான்.

முத்தியால்பேட்டையிலிருந்து என் தங்கை ஆட்டோ பிடித்துக்கொண்டு கோரிமேட்டுக்கு ஓடி வந்தாள். கையில் செல்போன், அதில் ஒரு படம்.

"பாருக்கா, பாரு! பிள்ளை மரத்திலே தொங்கறான்!"

எனக்கும் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. பார்த்தால், பையன் சிரித்துக்கொண்டுதான் தொங்குகிறான். குழந்தைக்குப் புடவையில் தூளி கட்டுவோமே, அதைப்போல் இடுப்புக்கும் தொடைக்கும் அடியில் ஒரு பட்டைத் துணி. அதிலிருந்து ஒரு கயிறு மரத்துக்குப் போகிறது. பாதங்களுக்குக் கீழே, அம்மிக்கல் அகலத்துக்கு ஒரு மிதிபலகை. அவ்வளவுதான் ஆசனம்!

"வேட்டை பாவம், புண்ணியம் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். விழுந்து தொலைக்கப்போறானேன்னுதான் எனக்கு அடிச்சுக்குது. லீவிலே வர்றான். பெரியம்மா சொன்னாக் கேப்பான். நீதான் சொல்லணும்" என்று என் தலையில் பொறுப்பைச் சுமத்திவிட்டுப் போய்விட்டாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மரத்தின் மேல் காத்திருப்பது நமக்குப் புதிது அல்ல. வள்ளித் திருமணம் நாடகம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் வள்ளி தினைப்புனத்தில் பரண்மேல் நின்று ஆலோலம் பாடியது தெரியும். கபிலருடைய குறிஞ்சிப்பாட்டில் வரும் தலைவியும் தோழியும் 'தட்டை', 'தழல்', 'குளிர்' என்ற கருவிகளை வைத்துக்கொண்டு பரணில் இருந்தபடி கிளி ஓட்டுகிறார்கள். அந்தப் பரணுக்கு 'இதணம்' என்று அழகான பெயர். செஞ்சிப் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் கம்புக்கொல்லையில் 1964-ஆம் வருஷம் நானே பரணில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது வயசு. நான்கு கழிகள், மேலே வரிச்சு, அதன் மேல் வைக்கோல். பகலில் கிளிக்கு நான். இரவில் பன்றிக்குத் தாத்தா. தாத்தா ஏறும்போது கூடவே ஒரு பழைய சாக்கு, ஒரு கம்பளி, ஒரு சொம்புத் தண்ணீர் எல்லாம் ஏறும். "உக்கார்ற இடம் மெத்துனு இருந்தாத்தான் காது கூர்மையா இருக்கும். இடுப்பு வலிக்கிறவனுக்குப் பன்னி வர்ற சத்தம் கேக்காது" என்பார்.

அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை! பெரிய வேட்டைக்காரர்களெல்லாம் அதே பாட்டைத்தான் பட்டிருக்கிறார்கள். இமயமலைச் சாரலில் ருத்ரபிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கில் ஏறிய சிறுத்தையை ஒழிக்கப் போன ஜிம் கார்பெட், அங்கே ஒரு தொங்குபாலத்தின் கோபுர உச்சியில் இருபது இரவுகள் காவல் இருந்தார். கடைசியில் 1926-ஆம் வருஷம் மே மாதம், ஒரு மாமரத்துப் பரணில் இரவுக்கு இரவு காத்திருந்துதான் அதைச் சுட்டார். நம் பக்கத்திலே ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளில் அலைந்து எழுதிய கென்னத் ஆண்டர்ஸன், கட்டில் போன்ற சட்டத்தை மரத்தில் கட்டி அதில் அமர்வார். பலகையைவிடக் கட்டில் உசத்தி என்பது நமக்குத் தெரியாதா? பலகை எலும்பில் குத்தும். பின்னல் உடம்பின் பாரத்தை எல்லாப் பக்கமும் பங்கிட்டு வாங்கிக்கொள்ளும்.

நம் தேசத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவைச் சாத்தியது. 1973-ல் புலிகளைக் காப்பாற்றவே திட்டம் ஏற்பட்டது. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் ஊசுட்டேரிகூட 2008-ல் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. இப்போது அங்கே காத்திருப்பவர்கள் கையில் இருப்பது தொலைநோக்கியும் காமிராவும்தான். ஆனால், துப்பாக்கியானாலும் சரி, காமிராவானாலும் சரி, உட்காருகிறவனின் இடுப்பும் முழங்காலும் ஒன்றுதானே!

பையன் வந்தான். பெட்டியைத் திறந்தான். எனக்கு வாசனைச் சோப்பு, அவன் பெரியப்பாவுக்கு ஷேவிங் ஸெட், அதற்கடியில் அந்தத் தூளி!

"பெரியம்மா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து பாருங்க. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்றான்.

கொல்லையில் எங்கள் ஒட்டு மாமரத்தில் கட்டினான். தரையிலிருந்து ஒரு முழ உயரம்தான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்ததையும், அடுத்த வீட்டு மாடியிலிருந்து அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதையும் நான் விவரிக்கப்போவதில்லை. விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன்.

மரத்தைச் சுற்றி ஒரு கயிறு. அதை நெற்றி உயரத்துக்குக் கட்ட வேண்டுமாம். கீழே கட்டினால் ஆள் பின்பக்கமாகச் சரிவான். ரொம்ப மேலே கட்டினால் மரத்தோடு ஒட்டிக்கொள்வான். இடுப்பின் இரு பக்கத்திலிருந்தும் ஒரு முன்கயிறு வந்து அந்தக் கயிற்றில் சேருகிறது. அது குட்டையாக இருந்தால் இரண்டு பக்க இடுப்பெலும்பையும் இடுக்கி மாதிரி நெருக்கிவிடும். சற்று நீளமாக விட்டு, வயிற்று வாரையும் கொஞ்சம் தளர்த்தினால் அந்த உபத்திரவம் தீர்ந்துவிடும். துணிப்பட்டையையும் மேலும் கீழும் நகர்த்தலாம். கீழே இழுத்தால் நாற்காலி மாதிரி. மேலே ஏற்றினால் சுவரில் சாய்ந்து நிற்கிற மாதிரி.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கால் மணி உட்கார வேண்டும். முழங்கால் இரண்டையும் ஒரு மெத்தைத் துண்டின் மேல் மரத்தில் முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு மிதிபலகையை அழுத்தி எழுந்து கால் மணி சாய்ந்து நிற்க வேண்டும். அடுத்து ஒரு பக்கமாகத் திரும்பி ஒரே காலில் பாரம். வலி வந்த பிறகு மாறினால் ஆகாது. வருவதற்கு முன்பே மாறிவிட வேண்டும். வலி வந்தபின் உடம்பு துடித்துப் புரளும், மான் பார்த்துவிடும். முன்னாலேயே மெதுவாக மாறினால் இலை அசைகிறதா, ஆள் அசைகிறானா என்று தெரியாது.

இன்னும் சில: பின்பாக்கெட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது, ஒரு சாவிகூட. மரத்தடிக்கு நடந்து போகும்போது கனத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் மூட்டையில் எடுத்துப்போய், மேலே ஏறியபின் மாட்டிக்கொள்ள வேண்டும். நடக்கையில் வியர்த்தால் அந்த ஈரமே பிறகு குளிரில் நடுக்கிவிடும். தின்பதற்குக் காகிதம் சரசரக்காத பண்டம். "நீங்க அனுப்பின பொருள்விளங்கா உருண்டைதான் பெரியம்மா முதல் தரம்" என்றான். கடித்தால் சத்தம் கேட்டு மான் ஓடாதோ என்று கேட்டேன். வாயில் ஊறவைத்துத் தின்பானாம்!

வாஸ்தவத்தைச் சொன்னால், கால் மணி நேரம் அந்தத் தூளியில் இருந்தது எனக்குச் சுகமாகவே இருந்தது.

மரத்தில் உட்கார்ந்தால் கால் ஏன் மரத்துப்போகிறது? தொடையின் அடியில் ஒரு விளிம்பு அழுத்தினால் நரம்புக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இடைஞ்சல். அதோடு, காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்கிறது. அசையாமல் இருந்தால் பம்பு நின்றுவிடுகிறது. 1940-ல் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், இரவெல்லாம் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் திடீரென்று இறந்துபோனார்கள். நாற்காலியின் முன்சட்டம் தொடையை அழுத்தி, காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்ததுதான் காரணம் என்று கீத் ஸிம்ப்ஸன் என்ற டாக்டர் எழுதினார். 1954-ல் அமெரிக்க டாக்டர் ஜான் ஹோமன்ஸ், விமானத்திலும் காரிலும் நெடுநேரம் உட்கார்ந்து போனவர்களுக்கும் இப்படி நேருவதை எடுத்துக் காட்டினார். ஆகவே, அசைந்துகொடுப்பது சுகத்துக்காக மட்டும் அல்ல.

இனி, தங்கையின் பயத்துக்கு வருகிறேன். எங்கள் கோரிமேட்டுக்குப் பெருமையே ஜிப்மர் ஆஸ்பத்திரிதான். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் ஆரம்பித்த வைத்தியப் பள்ளிக்கூடத்தின் வழிவந்தது. 1964-ல் இந்தப் பெயர் பெற்றது. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, மரத்திலிருந்து விழுவது என்றால் என்ன என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்குத் தேங்காய் பறிக்க ஒருவர் வந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் அல்ல, வேறோர் ஊரில் ஒரு தோப்பில் விழுந்துவிட்டார். காலில் மாட்டும் தளைக்கயிறு ஏறுவதற்கு உதவுமே ஒழிய, விழுந்தால் தாங்காது. உயிர் பிழைத்தார், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நமக்குக் கால் மரத்துப்போனால் தெரியும், நகருவோம். அவருக்குத் தெரியாது. அசையாமல் இருந்தால் அழுத்தும் இடத்தில் புண் வந்துவிடும். அதனால் அவர் மனைவி சமையலறையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தடவை, "ஏங்க, கையை ஊணி ஒரு தரம் எழும்புங்க" என்று குரல் கொடுக்கிறாள். குழம்பு கொதிக்கும்போதும் சரி, கீரை ஆயும்போதும் சரி, அந்தக் குரல் தவறுவதில்லை.

பையனை அவர்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் நான்கு தடவை அந்தக் குரல் கேட்டது. தூளியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட அவர், "தம்பி, மேலே போய்க் கட்டிக்கிறீங்களா, கீழேயிருந்தே கட்டிக்கிட்டுப் போறீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

தொழில் தெரிந்தவர் கேள்வி! மேலே உட்கார்ந்தபின் விழுகிறவர்கள் மட்டுமா? ஏறும்போதும் இறங்கும்போதும் அல்லவா கால் நழுவுகிறது! மின்சாரக் கம்பத்தில் ஏறுகிறவர்கள் மரத்தையும் இடுப்பையும் சேர்த்து ஒரு வார் போட்டுக்கொள்வதுபோல, தரையில் கால் இருக்கும்போதே கட்டிக்கொண்டு, திரும்பத் தரையில் கால் படும்வரை அவிழ்க்கக் கூடாது. மேலே கயிறு தொய்வில்லாமல் இருக்க வேண்டும். கால் நழுவித் தொங்கினாலும் அசையாமல் தொங்கக் கூடாது. ரத்தம் காலிலேயே தங்கி மயக்கம் வரும். கயிற்றில் ஒரு வளையம் போட்டு அதில் பாதத்தை ஊன்றி எழும்ப வேண்டும். சீழ்க்கையும் போனும் சட்டைப்பையில், கைக்கு எட்டும்படி. இதெல்லாம் பையனுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் எதிரில் அவன் அதைச் சொன்னபோது குரல் தணிந்துதான் இருந்தது.

வெளியே வந்ததும், "பெரியம்மா, தனியா ஏற மாட்டேன். ஏறும்போதும் இறங்கும்போதும் அம்மாவுக்குச் செய்தி அனுப்பிடறேன்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. முப்பது வயசுப் பிள்ளையிடம் அவ்வளவு வாங்கினாலே பெரிசு.

வாக்குத் தவறவில்லை. நவம்பர் மாதம் அங்கே அவன் விடியுமுன் ஏறும்போது நமக்கு மாலை ஐந்து மணி; "ஏறிட்டேன்" என்று வருகிறது. அங்கே இருட்டி அவன் இறங்கும்போது நமக்கு விடியற்காலை நாலரை மணி. அந்த இன்னொரு செய்தி வரும் வரையில் முத்தியால்பேட்டையில் என் தங்கை விளக்கை அணைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

பதினொன்றரை மணி நேரம்! மரத்தின் மேல் இருப்பவனுக்காவது மெத்தையும் மிதிபலகையும் உண்டு. போன வாரம் அவளுக்கு ஒரு சிறு முக்காலியும் இலவம்பஞ்சுத் தலையணையும் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். "மணிக்கொரு தரம் எழுந்து கூடத்தைச் சுற்றி நட, மகராசி! கால் மரத்துப்போகும்" என்றேன். சரி என்றிருக்கிறாள்.