குனிந்த தலை

அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பேணிப் பிழைத்தவர் விவியன் மேயர். ஓய்வு வாய்த்தபோதெல்லாம் தெருச் சிறுவர், முதியோர், கூலியாட்கள் எனப் படமெடுத்தார். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட படங்கள். பல சுருள்களைக் கழுவிப் பார்க்கவுமில்லை. வாடகை பாக்கிக்காக 2007-இல் அவருடைய பெட்டிகள் ஏலம் போன பின்னரே உலகம் அவற்றைக் கண்டது. 2009-இல் அவர் இறந்தார்.

அவருடைய ரோலிஃபிளெக்ஸ் கருவியை வயிற்றருகே ஏந்தி, தலைகுனிந்தே காட்சியை நோக்க வேண்டும். செபிப்பவரின் நிலை அது.

அண்மையில் நம் பங்குத் திருவிழாப் படங்களைப் புரட்டினோம். எல்லாவற்றிலும் நடுவில் நாமே நின்றோம்! சப்பரம் சுமந்தோரின் முகம் ஒன்றிலுமில்லை. மறைவாய்ச் செய்வதை இறைவன் காண்கிறார் என்று ஆண்டுதோறும் போதித்த நாம் வெட்கினோம். இவ்வாண்டு சுமப்போரைப் படமெடுக்கட்டும். நாம் ஒதுங்கி நிற்போம்.